நின்று நின்று தலைமன்னார் வரை

சனிக்கிழமை காலை 5.40 மணிக்கு வவுனியாவிலிருந்து புறப்பட்டோம். மாசிப் பனி இன்னும் கலையவில்லை. மன்னார் நகரம் எண்பது கிலோமீற்றர், அங்கிருந்து மன்னார்த் தீவின் மேற்கு முனையான தலைமன்னார் இன்னுமொரு முப்பது. ஒழுங்கான காரென்றால் இரண்டரை மணித்தியாலம் போதும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் இரண்டரை மணி.

எங்களுடையது ஒழுங்கான கார் அல்ல. வாங்கி ஆறு கிழமை. எனக்கு முன் எத்தனை பேரிடம் இருந்ததென்று அதன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு வியாதி. ஐம்பது அறுபது கிலோமீற்றர் நல்லபிள்ளையாக ஓடும். பிறகு இருமும், இழுவை குறையும், தெருவோரத்தில் நின்றுவிடும். அரை மணித்தியாலம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஸ்ரார்ட் ஆகும்.

வவுனியாவில் கராஜ் வைத்திருக்கும் தம்பி பெற்றோல் பம்பை மாற்றினார், பில்ட்டரை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓட்டிப் பார்த்தார். அவருக்கு ஒருநாளும் நிற்கவில்லை. "உங்களைக் கண்டாத்தான் சேர் அது நிக்குது" என்றார். காரை விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "எந்தக் கோயிலிலை வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுறன். என்னட்டை இருக்கேக்கை ஒருக்காலும் நிண்டதில்லை" என்றார். இருவரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். இந்தப் பயணத்தோடு காரைத் தள்ளிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தேன். அதைப் பவானிக்குச் சொல்லவில்லை.

பவானி என் மனைவி. ஒன்றரை வருடத்துக்கு முன் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வந்தவள், ஒரு வளைவில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஓட்டியவன் நான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு நடக்கிறாள். ஆனால் பஸ்ஸின் படி அவளுக்கு எட்டாது, ஆட்டோவின் குலுக்கலைத் தாங்கமாட்டாள். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தவளுக்காகத்தான் கார் வாங்கினேன். அது வந்த அன்று, "முதலிலை எங்கை போவம்?" என்று கேட்டேன். ஏதாவது ஒரு கோயிலைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"தலைமன்னார்க் கடலைப் பகலிலை பாக்கவேணும்" என்றாள்.

யுத்த காலத்தில், பதினான்கு வயதில், தாயோடு அவள் அந்தக் கடலை இருட்டில் படகேறிக் கடந்தவள். தமிழ்நாட்டு முகாமில் பத்து வருடம் இருந்துவிட்டு விமானத்தில் திரும்பி வந்தாள். தன் வாழ்க்கையை இரண்டாக வெட்டிய தண்ணீரை அவள் வெளிச்சத்தில் கண்டதில்லை. கலியாணமாகி இருபத்து மூன்று வருடம். இதை என்னிடம் சொன்னது அன்றுதான்.

அதனால் முதல் நாளே பெற்றோல் தாங்கியை வாய்வரை நிரப்பி வைத்தேன். தூரப் பயணம் என்றால் நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

காலை 6.55. மடு வீதிச் சந்தி தாண்டிக் கொஞ்சத் தூரம். மீற்றர் நாற்பத்தாறு கிலோமீற்றர் காட்டியபோது கார் இருமத் தொடங்கியது. ஓரமாக ஒதுக்கினேன். இரண்டு பக்கமும் காடு, தெருவோரம் யானை கடக்கும் இடம் என்ற பலகை. நான் ஸ்ரியரிங்கில் இரண்டு தரம் குத்தினேன்.

"பாவம், அதுக்கும் களைக்கும்தானே" என்றாள் பவானி. போத்தலில் கொண்டுவந்த தேநீரை மூடியில் ஊற்றி நீட்டினாள். வெளியே வந்து ஒன்றரை வருடமான ஒருத்திக்கு, காட்டு விளிம்பில் மயில் அகவுவதைக் கேட்டபடி தேநீர் குடிப்பது கொண்டாட்டமாக இருந்தது. எனக்கு அப்படி இருக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் கார் எழும்பியது.

முருங்கனில் ஆளுக்கொரு பிளேன்ரீயும் வடையும். உயிலங்குளம் வரை இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல், நெல்தாளுக்குள் மேயும் மாடுகள். அதற்குப் பிறகு மரங்கள் குட்டையாகின, காற்றில் உப்பு மணம் ஏறியது.

காலை 8.50. மன்னார்ப் பாலம். பாலம் என்று சொன்னாலும் அதில் பெரும்பகுதி கடலுக்குள் மண் நிரப்பிப் போட்ட தெருதான். மூன்று கிலோமீற்றர் தூரம் வளைவே இல்லாமல் போகிறது. சற்றுத் தள்ளி ரயில் பாதை. கடல் அங்கே கடலைப்போல இல்லை. அலை கிடையாது, ஆழமும் கிடையாது, கண்ணாடித் தட்டில் ஊற்றிவிட்ட தண்ணீர்போல வானத்தை வாங்கிக்கொண்டு கிடந்தது. அதன் நடுவில் கார் மறுபடியும் இருமி நின்றது.

பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. நான் இறங்கி, பிரயோசனம் இல்லையென்று தெரிந்தும் பொனற்றைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சாருங்கோ" என்றாள் பவானி உள்ளிருந்து. நான் திரும்பவில்லை. "இஞ்சாருங்கோ!" குரல் வேறு மாதிரி இருந்தது. பயந்து ஓடிப் போனேன். அவள் கண்ணாடிக்கு வெளியே கை நீட்டியிருந்தாள்.

தூரத்தில், தண்ணீரின்மேல், வெளிறிய ரோசா நிறத்தில் ஒரு கோடு. உப்புப் படிந்த திடலாக்கும் என்று நினைத்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள். குனிந்து, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, ஒன்றோடொன்று நெருங்கி, ஓர் ஊரே வயலில் இறங்கி நாற்று நடுவதுபோல நின்றன. எண்ணத் தொடங்கி, எண்பதில் விட்டுவிட்டேன்; எண்பது என்பது அந்தக் கூட்டத்தின் ஒரு மூலைகூட இல்லை. அப்போது தள்ளாடி ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தது. அவ்வளவுதான். கோடு முழுவதும் எழும்பியது. மடித்து வைத்திருந்த இறக்கைகளுக்குள் இவ்வளவு சிவப்பும் கறுப்பும் இருந்ததா! அந்தப் பக்கத்து வானம் நிறம் மாறி, ஒருமுறை சாய்ந்து திரும்பி, எங்கள் தலைக்கு மேலால் போனது. இறக்கைச் சத்தம் பெருமழை கூரையில் இறங்குவதுபோலக் கேட்டது.

பவானி வாய் திறந்தபடி இருந்தாள். நானும் அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

"கார் நிண்டிராட்டி நீங்கள் இதைப் பாராமல் ஓடியிருப்பியள்" என்றாள் கடைசியில்.

காலை 9.40. மன்னார் நகரம். தீவின் வாசலில் பழைய கோட்டை. நகரத்துக்குள் தெருவின் நடுவே கழுதைகள், யாருக்கும் வழி விடாமல். பெற்றோல் நிரப்பும் இடத்தில் மறுபடியும் நிரப்பினேன், இந்தமுறை மூடியில் முட்டும்வரை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தேன். வெளியே வெயில் ஏறியிருந்தது. அங்கேதான் அவளிடம் சொன்னேன்.

"தலைமன்னாருக்கு இனிப் போகேலாது பவா. போற வழியிலை ஒண்டுமில்லாத இடத்திலை நிண்டால் உன்னை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? அஞ்சு கிலோமீற்றரிலை தாழ்வுபாடு. அங்கையும் கடல்தான். பாத்திட்டுத் திரும்புவம்."

"அது அந்தக் கடல் இல்லையே" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சரி, உங்கடை விருப்பம்" என்றாள். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தின் பாரம் எனக்குத் தெரியும்.

காலை 10.15. தாழ்வுபாடு. தேவாலயம், வெண்மணல், பனையோலை வேலிகள், வேலிகளுக்கு அப்பால் கரையோரமாகப் போகும் காற்றாலைகள். பனைகளுக்கு மேலே அவற்றின் இறக்கைகள் சுற்றுவது, யாரோ ஒரு பெரிய ஆள் அவசரமில்லாமல் கை வீசுவதுபோல இருந்தது. கடல் கண்ணில் பட முன்னமே கார் நின்றது. நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர்கூட ஓடவில்லை. இவ்வளவு விரைவாக அது ஒருநாளும் நின்றதில்லை. வியாதி முற்றிவிட்டது என்று நினைத்தேன்.

நின்றது ஒரு வீட்டு வாசலில். முற்றத்தில் வலை விரித்து மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வெய்யிலுக்குள்ளை ஏன் இருக்கிறியள்? அக்காவை இறக்கிக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று கூப்பிட்டாள். பெயர் றெஜினா. கணவன் சூசை விடியக் கடலுக்குப் போய்வந்து உள்ளே படுத்திருந்தார். பிளாஸ்ரிக் கதிரைகள் இரண்டு வேப்பமர நிழலுக்கு வந்தன, தேசிக்காய்த் தண்ணீர் வந்தது.

பவானி காரின் வியாதியைச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் எரிச்சலோடு சொல்லியிருப்பேன். அவள் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல, எப்போது, எவ்வளவு நேரம், பிறகு எப்படி என்று ஒழுங்காகச் சொன்னாள். றெஜினா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள்.

"எங்கடை எஞ்சினும் இப்பிடித்தான் அக்கா எங்களைப் பேய்க்காட்டினது. நாங்கள் இந்தியாவிலையிருந்து திரும்பி வந்த புதுசு. செகண்ட்ஹாண்ட் எஞ்சின் ஒண்டு வாங்கினம். கடலுக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலை நிண்டிடும். ஒருநாள் இவர் அரைநாளாக் காத்துக்கு இழுபட்டு, எல்லைக்கு அங்காலை போகப் பாத்து, பக்கத்துப் போட்காரர்தான் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. நான் இஞ்சை கோயில் வாசலிலை முழங்காலிலை."

"பிறகு?" என்றாள் பவானி.

"எஞ்சினைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினதுதான் மிச்சம். பெற்றோல் கேனைக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போறதும் வாறதும் நான்தானே? ஒருநாள் பாக்கிறன், கேன்ரை வயிறு உள்ளுக்கை ஒட்டிப்போய்க் கிடக்கு, பட்டினி கிடந்த மாட்டின்ரை மாதிரி. மூடியைத் திருகினன், உஸ்ஸெண்டு காத்தை இழுத்துக்கொண்டு டப்பெண்டு வயிறு வெளியிலை வந்திட்டுது. மூடியிலை ஒரு சின்னத் திருகு இருக்கு, காத்து உள்ளை போறதுக்கு. அது துருப்பிடிச்சு இறுகிப்போய்க் கிடந்திருக்கு. எண்ணெய் வெளியிலை வர வர உள்ளை காத்துப் போகவேணுமெல்லோ? போகாட்டி எஞ்சின் எங்கையிருந்து உறிஞ்சிறது?"

பவானி என்னைப் பார்த்தாள். "எங்கடை காருக்கும் அப்பிடி இருக்குமோ?"

"அது போட் எஞ்சின். கார் வேறை" என்றேன். "மெக்கானிக் எல்லாம் பாத்தவர்தானே."

"மூடியைத் திறந்து பாத்தவரோ?" என்றாள் பவானி.

அவள் கைத்தடியை ஊன்றி எழும்பினாள். "நீங்கள் வராட்டி நான் போய்த் திறக்கிறன்."

மணலில் அவள் தடுமாறுவாள் என்ற பயத்தில்தான் நான் கூடப் போனேன். றெஜினாவும் வந்தாள். பெற்றோல் மூடியைப் பிடித்துத் திருகினேன். இறுக்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

நீருக்கு அடியில் மூச்சடக்கியிருந்த ஒருவன் மேலே வந்து இழுக்கும் முதல் மூச்சுப்போல அந்தக் கார் காற்றை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. ஐந்து வினாடி, ஆறு வினாடி. என் கை மூடியிலேயே இருந்தது.

நான் விஞ்ஞான ஆசிரியர். தகரப் பேணிக்குள் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறுக மூடி, குளிரவிட்டு, அது யாரும் தொடாமலே நசுங்குவதைப் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவன். வளிமண்டல அமுக்கம் என்று கரும்பலகையில் எழுதிக் கோடு போடுகிறவன். ஆறு கிழமையாக அதே அமுக்கம் என் காரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கேன் தூக்கியவளுக்குத் தெரிந்தது.

"ஸ்ரார்ட் பண்ணிப் பாருங்கோ அண்ணை" என்றாள் றெஜினா. அரை மணித்தியாலம் காத்திருக்கவில்லை. முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது.

மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தோம். யாரோ, எப்போதோ, பெற்றோல் மணக்கிறது என்பதற்காக, ரயர் ரியூப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி உள்ளே ஒட்டியிருந்தார்கள். காற்று போகும் துவாரம் அதற்குப் பின்னால் மூடிக் கிடந்தது. றெஜினா மீன் வெட்டும் கத்தியின் நுனியால் அதைக் கிளப்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

வேப்பமரத்தின் கீழே இருந்து யோசித்தபோது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. தாங்கி நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. கொஞ்சப் பெற்றோல் இறங்கினாலே வெற்றிடம் விழுந்துவிடும். நிறுத்திவைத்தால் எங்கேயோ ஒரு இடுக்கால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். விற்றவர் ஒருநாளும் கால்வாசிக்கு மேல் நிரப்பாதவர்; காரைத் தரும்போது அவரே சொன்னது. கராஜில் ஓட்டிப் பார்க்கும்போதும் தாங்கி பாதி வெறுமை. அவர்களுக்கு அது நிற்க நியாயமில்லை. இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பயணம் பழுதாகக் கூடாதென்று வாய்வரை நிரப்பி, ஒவ்வொரு முறையும் அதை நிறுத்தியவன் நான்தான். பெற்றோல் நிரப்புகிறவர்கள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் வந்திருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருந்தவனுக்கு எப்படிக் கேட்கும்?

எழும்பிப் போக விடவில்லை. சூசை எழுந்து வந்து முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அண்டைக்கு நான் அரைநாள் மிதந்ததுக்கு இண்டைக்கு ஒரு பிரயோசனம்" என்றார். சோறும் மீன் குழம்பும் சொதியும் தந்தார்கள். ஏதாவது கொடுக்கலாமா என்று நான் தயங்கிச் சட்டைப் பையைத் தொட்டதைக் கண்ட றெஜினா, "அக்கா ஆசைப்பட்ட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அது காணும்" என்றாள்.

பிற்பகல் 1.30. தாங்கி கிட்டத்தட்ட நிறைந்தே இருந்தது. இதைவிட நல்ல சோதனை கிடையாது. நகரத்துக்குத் திரும்பி, தலைமன்னார் வீதியில் ஏறினோம். பதினைந்து கிலோமீற்றர்வரை நான் மூச்சையே எண்ணிக்கொண்டு ஓட்டினேன். ஓலைத்தொடுவாய்க்குப் போகும் வழி, பேசாலை, பனங்கூடல்கள், தெருவுக்குக் குறுக்கே மணல் ஊதும் காற்று. இருமலில்லை. பேசாலை தாண்டியதும் பவானி தன் பக்கக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டாள். பெற்றோல் மணம் லேசாக வந்தது. "மணந்தால் மணக்கட்டும்" என்றாள்.

பிற்பகல் 2.30. தலைமன்னார். ரயில் நிலையம், பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு. அதையும் தாண்டி மணல்தெரு முடியும்வரை போனோம். அங்கே தீவு மெலிந்து, மெலிந்து, தண்ணீருக்குள் இறங்குகிறது.

நான் மட்டும் வந்திருந்தால் "அழகான கடல்" என்று எழுதிவிட்டு விட்டிருப்பேன். அவளுக்குப் பக்கத்தில் நின்றதால் சரியாகப் பார்த்தேன். கரையில் நிறமே இல்லாத தண்ணீர். கொஞ்சம் தள்ளி இளம்பச்சை. அதற்கப்பால் நீலம், நீலத்தின் நடுவே திரும்பவும் வெளிர் பச்சைப் பட்டைகள், அவற்றின் முதுகில் வெண்மணல் திட்டு ஒரு கோடாக. திட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் அலை வந்து ஒன்றையொன்று முட்டி நுரைத்தது. இரண்டு கடல்கள் கை குலுக்கும் இடம். கோடு முடிந்த இடத்தில் இன்னொரு கோடு. அதற்கப்பால் வெளிச்சம் மட்டும்.

பவானி கைத்தடியோடு ஈர மணல்வரை நடந்தாள். நெடுநேரம் நின்றாள்.

"இதுக்குள்ளாலையோ போனனாங்கள்?" என்றாள். "எனக்குக் கறுப்பு மட்டும்தான் ஞாபகம். போட் ஆடேக்கை அம்மா என்ரை காதுக்குள்ளை சொன்னவ, 'அசையாதை, விழுந்தால் இதுக்கு அடியே இல்லை' எண்டு. இப்பவும் கனவு வரும். விழுந்துகொண்டே இருப்பன். அடி வராது."

பக்கத்தில் படகின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்த முதியவர் அதைக் கேட்டிருக்க வேண்டும். "அடி இல்லையோ?" என்றார். "பிள்ளை, இந்தத் திட்டுகளைச் சுத்திப் பாத்தால் கன இடத்திலை நெஞ்சளவுதான் தண்ணி. சில இடத்திலை முழங்கால். நடுவிலை ஆழமான வாய்க்கால் கிடக்குத்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் மற்றதெல்லாம் மணல். நாங்கள் போட்டை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறனாங்கள்."

"நடக்கிறதோ?"

"ஓம். நடக்கிறது."

அவள் அவரைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் என்ன இருந்ததென்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அம்மா பொய் சொல்லியிருக்கிறா" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கணுக்கால். பிறகு முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு அடியையும் வைத்து, அழுத்தி, மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை வைத்தாள். சேலை நனைந்தது. நாலரை மணிவரை அவளைக் கரைக்கு ஏற்ற முடியவில்லை.

திரும்பும் வழியில் நூற்றுப் பத்துக் கிலோமீற்றரும் கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. திங்கட்கிழமை கராஜ் தம்பி அந்த ரப்பர் வட்டத்தைக் கையில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புது மூடி ஒன்று எடுத்துப் போட்டுவிட்டார். விற்றவருக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டேன். காரை விற்க நினைத்திருந்ததைப் பவானியிடம் சொன்னேன். தனக்கு முதலே தெரியும் என்றாள்.

அன்று பின்னேரம் அவளை எங்கள் ஊர்க் குளக்கட்டுக்குக் காரில் கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர் தூரம்கூட இல்லை. ஆனால் கட்டின் ஏற்றத்தில் அவளால் ஏற முடியாததால் ஒன்றரை வருடமாகக் காணாத குளம். மன்னாரைப் பார்த்து வந்த கண்ணுக்குக் குளம் சின்னதாகத்தான் தெரிந்தது. அக்கரை தெரிகிறது, அக்கரையில் மேயும் எருமை தெரிகிறது, தண்ணீர் மண்ணிறம்.

"இது எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"இந்த முறை நல்ல மழைதானே. துருசடியிலை, தண்ணி திறந்துவிடுற மதகுக்குக் கிட்ட, பதினைஞ்சு அடி இருக்கும்."

அவள் வாயில் கை வைத்தாள். "கடவுளே! இவ்வளவு காலமும் அந்தக் கடலைவிட ஆழமான தண்ணிக்குப் பக்கத்திலையோ நான் பயமில்லாமல் நித்திரை கொண்டனான்?"